ஜைனபு தூக்கிய குழந்தை

நிறோஷினியின் குழந்தை மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்ற செய்தி, டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு சலவை ஆலையின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. எல்லோரும் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தார்கள். ஜைனபு மட்டும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு அதைச் செய்தது தான்தான் என்று அவள் நினைத்தாள்.

ஜைனபு புருங்கே இனத்தவள். தான்சானியாவின் நடுப்பகுதியில், கொண்டோவாவுக்குத் தெற்கே, சோளமும் மாடுமாக வாழும் சிறு கூட்டம் அது. இராக்வ், கொரோவா, அலாக்வா என்று அயலில் இருக்கும் மற்றவர்களின் மொழிகளும் அவளுடைய மொழியும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனாலும் ஒருவர் கதைப்பது மற்றவருக்கு விளங்காது. அவள் கட்டியது ஓர் இராக்வ் மனிதனை. வேளாண்மை படிக்க டென்மார்க்குக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட டானியேலி. வீட்டில் இருவருக்கும் பொது மொழி சுவாகிலிதான். ஒன்பது வருடமாக ஒடென்சே. ஆறு வருடமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் செலுத்தும் வேலை. விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையைப் பிடிப்பவள் யாழ்ப்பாணத்து நிறோஷினி. இருவரும் கதைப்பது உடைந்த டேனிஷில். "அக்கா", "தங்கச்சி" என்ற இரண்டு சொற்கள் மட்டும் தமிழ்.

பதின்மூன்று நாட்களுக்கு முன் ஜைனபுவின் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தது கலைந்து போனது. டாக்டர் அன்பாகத்தான் பேசினார். இது பலருக்கும் நடக்கிறது, உடம்பு சரியென்று தோன்றும்போது வேலைக்குப் போகலாம் என்றார். ஆனால் ஜைனபு மாமியார் வீட்டில் நான்கு வருடம் இருந்தவள். கருக் கலைந்தவள் ஒதுங்கியிருக்க வேண்டும், அயலார் பாத்திரத்தைத் தொடக் கூடாது, அயலார் வாசலை மிதிக்கக் கூடாது, பிறர் பிள்ளையைத் தூக்கவே கூடாது, தூக்கினால் அந்தப் பிள்ளை நோயில் விழும், மறைத்தால் நோய் தீராது என்பது இராக்வ் மனிதர்களின் பழைய வழக்கம். இப்போது பலர் விட்டுவிட்டார்கள். மாமியார் விடவில்லை.

"இஞ்சை ஆரிட்டை இருந்து ஒதுங்கப் போறாய்?" என்று டானியேலி கேட்டான். "ட்ராமிலை ஏறாமல் நடந்து போகப் போறியோ?"

அவள் சிரித்தாள். நான்காம் நாளே வேலைக்குப் போனாள். ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைப்பேற்று விடுப்பில் இருப்பவர்கள் குழந்தையை வேலையிடத்துக்குக் கொண்டுவந்து காட்டுவது இந்த ஊர்ப் பழக்கம். நிறோஷினியும் கேக்கோடு வந்தாள். வந்த வேகத்தில், "அக்கா, பிடியுங்கோ, கேக் வெட்டோணும்" என்று குழந்தையை ஜைனபுவின் கையில் வைத்துவிட்டாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். பதினேழு பேர் கேக்குக்காக நின்றார்கள்.

"என்னக்கா, வெடிகுண்டு மாதிரிப் பிடிக்கிறியள்!"

எல்லோரும் சிரித்தார்கள். அது முந்தாநாள்.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் குறையும் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. முழு உண்மையல்ல. காரணம் தான்தான் என்று தெரிந்தவளுக்குப் பயத்தை இறக்கி வைக்க வேறிடம் இல்லை. சொன்னால் இந்த ஊரில் இருக்கும் ஒரே தோழி போய்விடுவாள். சொல்லாவிட்டால் குழந்தை போய்விடும். ஜைனபு மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ட்ராம் ஏறினாள். பக்கத்து இருக்கையருகில் ஒரு தாய் பிள்ளை வண்டியோடு வந்து நின்றபோது எழுந்து பெட்டியின் கடைசிக்குப் போனாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் குழந்தை, மூக்கில் மெல்லிய குழாய், காலில் ஒரு வயர், மேலே இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு எண்களாய் ஓடும் திரை. பக்கத்தில் தலைவாராத நிறோஷினி.

"அக்கா! வாங்கோ உள்ளுக்கு. என்ரை மனுசன் இப்பதான் உடுப்பெடுக்க வீட்டை போனவர்."

ஜைனபு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். அங்கிருந்தே சொன்னாள். கலைந்ததை, மறைத்ததை, தூக்கியதை. டேனிஷில் அதற்கெல்லாம் சொற்கள் போதவில்லை. போதிய அளவுக்குச் சொன்னாள்.

நிறோஷினி குழந்தையைப் பார்த்தாள். பிறகு ஜைனபுவின் கைகளைப் பார்த்தாள். தன்னையறியாமல் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நகர்ந்து நின்றாள். ஜைனபு அதைக் கண்டாள். எதிர்பார்த்து வந்ததுதான்.

"டொக்டர் வைரஸ் எண்டு சொன்னவர்," என்றாள் நிறோஷினி. "வார்டு முழுக்க இதுதானாம்."

"ம்."

"நீங்கள் நம்பேல்லை."

"நீ நம்பிறியோ?"

நிறோஷினி குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அக்கா, எங்களுக்கு பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு," என்றாள். "முப்பத்தொண்டு கழியாமல் பிள்ளையை வெளியிலை கொண்டுபோகப்பிடாது. அம்மா போனிலை கத்தினவ. நான் கேக்கேல்லை. இருபத்துமூண்டாம் நாள் கேக்கும் கையுமா வந்து நிண்டன். அப்ப ஆரிலை பிழை?"

அந்த நேரம் திரை வீரிட்டது. எண்கள் இருந்த இடத்தில் கோடுகள். நிறோஷினி குழந்தையை அள்ளினாள். நர்ஸை அழைக்கும் சிவப்புப் பொத்தான் கதவுக்கு உள்ளே, எதிர்ச் சுவரில் இருந்தது.

"அக்கா, அமத்துங்கோ! அமத்துங்கோ!"

ஜைனபுவின் கால் எழவில்லை. ஒரு கணம்தான், அந்த ஒரு கணத்துக்காக அவள் தன்னைப் பிறகும் மன்னிக்கவில்லை. பிறகு வாசலைத் தாண்டி ஓடி, உள்ளங்கையால் பொத்தானை அடித்தாள்.

நர்ஸ் வந்தார். குழந்தையின் காலிலிருந்து வயர் கழன்றிருந்தது. மாட்டினார். எண்கள் திரும்பின. "இரண்டு பேரும் இருங்கள், முகம் வெளிறிப்போயிருக்கிறது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜைனபு உள்ளேதான் நின்றாள். இனி வெளியே போனாலும் தாண்டியது தாண்டியதுதான். கைகளை மடக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். நிறோஷினி போகச் சொல்லவில்லை. கிட்ட வரச் சொல்லவும் இல்லை.

"உங்களுக்கு எத்தினை நாள் அக்கா?"

"தெரியாது. பெரியாக்கள் பாத்துத்தான் முடிஞ்சுது எண்டு சொல்லுவினம். மாமி செத்துப்போனா. இஞ்சை சொல்ல ஆருமில்லை."

அதுதான் அவளை உண்மையில் தின்றுகொண்டிருந்தது என்பது, வாய்விட்டுச் சொன்ன பிறகே அவளுக்குத் தெரிந்தது. தொடக்கம் அவள் உடம்பில் நடந்தது. முடிவைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

நிறோஷினி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். விரல்களை மடக்கி எண்ணினாள்.

"எனக்கு இன்னும் ஆறு நாள். அண்டைக்குத் துடக்குக் கழிய ரெண்டு பேரும் முழுகுவம். உங்களுக்கும் முடிஞ்சுது எண்டு நான் சொல்லுறன்."

"நீ சொன்னால் சரிவருமோ?"

"எனக்கென்ன தெரியும்," என்றாள் நிறோஷினி. "அதுவரைக்கும் அந்தக் கதிரையிலை இருங்கோ. கிட்ட வராதேங்கோ. போகவும் வேண்டாம்."

ஜைனபு சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தாள். திரையில் தொண்ணூற்றொன்று என்றிருந்தது. தொண்ணூறாகி, மறுபடி தொண்ணூற்றொன்றானது. ஆறு நாளில் பயம் போய்விடும் என்று அவளால் நம்ப முடியவில்லை. ஆனால் ஆறுவரை எண்ண முடியும்.