மெழுகுத் தொப்பி முளைத்த மேய்ச்சல் நிலம்

சாயக்காரர் குமாரவேலின் கைகளைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. மூத்த பெண் பிறந்த அன்று சாயத்தொட்டியிலிருந்து எடுத்த சிவப்புக் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலில் நின்ற நர்ஸ் முதலில் அவரைத்தான் கட்டிலில் படுக்கவைக்கப் பார்த்தாள். வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், சாயக் கொட்டகை பக்கத்தில் கூரம் கிராமத்தில். முப்பது வருடமாகப் பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுகிறவர். துவைத்தால் சாயம் போகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மற்றபடி சாது.

அந்தச் சாதுதான் ஐப்பசி மழையில் ஒரு திருட்டுக் காரியம் செய்தார். கழிவுத் தண்ணீரை எடுத்துப்போகும் லாரி நான்கு நாளாக வரவில்லை. தொட்டி வழிய ஆரம்பித்தது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, குங்குமச் சிவப்புத் தண்ணீர் இரண்டு டிரம்மைப் பின்பக்க மேய்ச்சல் நிலத்தில் சாய்த்துவிட்டார். மழையோடு மழையாகப் போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள் காலையில் அந்தப் பக்கம் போனவர் குனிந்து பார்த்தார். புல்லுக்கு நடுவே குட்டிக் குட்டிக் காளான்கள், அசல் குங்குமச் சிவப்பில் பளபளத்தன. நாய்க்குடை என்றால் வெள்ளையாகத்தானே முளைக்கும்? வேறு யாராக இருந்தாலும் அழகு என்று போயிருப்பார்கள். சாயக்காரர் புத்தி வேறு மாதிரி ஓடியது. நம் சாயம் மண்ணில் இறங்கிக் காளானுக்கு ஏறிவிட்டது, காளானுக்கு ஏறியது புல்லுக்கு ஏறாதா என்று நினைத்தார். அங்கே மேய்வது கொட்டகைக்குப் பக்கத்து வீட்டு அம்சவேணியின் பசு, நிறைசினை. முந்தின நாளிலிருந்து அது தீனி எடுக்கவில்லை என்று அவள் சொன்னது வேறு காதில் விழுந்திருந்தது. ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்றுவிட்டோமோ என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் குடையும் செல்போனுமாக ஒரு பெண் ஓடிவந்தார். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தும் துர்காதேவி.

"ஐயா, மிதிச்சிடாதீங்க! மூணு வருஷமா இதைத் தேடிக்கினு இருக்கேன்."

"இது சாயம் ஏறினதுமா," என்றார் குமாரவேல்.

"சாயமா? இதோட பிறவி நிறமே இதாங்க. இங்கிலீஷ்ல வேக்ஸ்கேப். நான் எங்க பசங்களுக்கு மெழுகுத் தொப்பின்னு சொல்லித் தரேன். தொட்டுப் பாருங்க, மெழுகு தடவின மாதிரியே இருக்குது."

தொட்டார். மெழுகேதான். விரலில் சிவப்பு ஒட்டவில்லை. ஆனாலும் நம்பவில்லை. துர்காதேவி அவரை மேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மஞ்சளிலும் ஆரஞ்சிலும் அதே தொப்பிகள். தண்ணீர் மேடு ஏறாது. மஞ்சள் சாயப் பொட்டலத்தை அவர் அந்த மாதம் பிரிக்கவே இல்லை. அப்பாடா! நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்தது போல இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உரமோ மருந்தோ விழாத பழைய புல்தரையிலதான் இது அதிகமா வரும்," என்று படம் எடுத்தபடியே சொன்னார் துர்காதேவி.

குமாரவேல் திரும்பிப் பார்த்தார். டிரம்மைச் சாய்த்த இடத்தில் ஒரு தொப்பிகூட இல்லை. சுற்றிலும்தான் இருந்தன. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

நேராக அம்சவேணி வீட்டுக்குப் போனார். பசு விடியற்காலையிலேயே கன்று போட்டிருந்தது. தீனி எடுக்காததற்குக் காரணம் அவ்வளவுதான். தாய் நக்க நக்கக் கன்று எழுந்து நிற்கப் பார்த்துத் தடுமாறியது. எதுவும் சொல்லாமல் திரும்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"அம்சவேணி, அந்தப் புல்லுல சாயத் தண்ணிய ஊத்தினது நான்தாம்மா," என்றார்.

அவள் கன்றைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ணா. நீ ஊத்தும்போது பார்த்துக்கினுதான் இருந்தேன். அன்னியிலேர்ந்து மாட்டை மேட்டுலதான் கட்டறேன்."

"அப்ப ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா வந்து சொல்வியான்னு பார்த்தேன். எட்டு நாள் ஆயிடுச்சு உனக்கு." துணியைப் பிழிந்துவிட்டு எழுந்தாள். "சரி, போய் சொம்பு எடுத்துக்கினு வா. சீம்பால் தரேன்."