தங்கை பேச வேண்டிய இடங்கள்

இது நடந்தது. பேய்க்கதை எழுதிப் பிழைப்பவள் சொன்னதால் வெளியே யாரும் நம்பவில்லை, அவ்வளவுதான். படப்பிடிப்பில் பதிவான அந்த ஒலியை ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரைக்கதை எழுத வந்தவள். அடுத்தவர் எழுதிய வசனத்தில் ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட சிவப்புப் பேனாவைத் தேடுவாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பதின்வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்த ஓர் அமானுஷ்ய நாவலைத் தொடராக்கும் வேலை அவளிடம் வந்தது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிவரும் அக்காவும் தங்கையும். அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது தங்கைக்குத்தான் முதலில் தெரியும். வாயாடி. கதையே அவள் வாயால்தான் நகரும்.

உரிமையைக் கொடுக்கும்போது நாவலாசிரியை ஒன்றே ஒன்று கேட்டார்.

"எதை வேணும்னாலும் மாத்திக்கோங்க. சின்னவளை மட்டும் எடுத்துடாதீங்கம்மா."

"சத்தியமா எடுக்க மாட்டேன்" என்றாள் டீச்சர்.

எடுத்துவிட்டாள்.

சின்னப் பிள்ளையை வைத்துப் படம் பிடிப்பது பெரும்பாடு என்றார் டைரக்டர். அதற்குப் பசிக்கும், தூக்கம் வரும், அம்மா கூடவே உட்கார்ந்திருப்பார். "அதோட, அக்கா தனியா இருந்தாத்தான் பயமே வரும் டீச்சர்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தங்கையின் நல்ல வசனங்களை எடுத்து அக்காவின் வாயில் வைத்தாள். மற்றதை அழித்தாள். இடையில் ஒருநாள் நாவலாசிரியை போன் செய்து, "சின்னவ எப்படி இருக்கா?" என்று ஆசையாக விசாரித்தார். "நல்லா இருக்காம்மா" என்றாள் டீச்சர்.

படப்பிடிப்பு ஒரு பழைய மாடி வீட்டில். பட்டப்பகல். ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்து கிடந்தது.

அக்காவாக நடித்த பெண் வசனம் மறக்காதவள். அன்று மதியம் பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். காத்திருந்தாள். பிறகு தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றாள்.

டைரக்டர் கட் சொன்னார். "ஏம்மா நடுவுல நடுவுல நிக்கிற?"

"அவ பேசி முடிக்கட்டும்னு சார்."

"எவ?"

அந்தப் பெண் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "தெரியல சார்..."

டீச்சர் கையிலிருந்த திரைக்கதைப் பக்கத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் நின்ற இடங்கள்... அவள் அழித்த வசனங்கள் இருந்த இடங்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பெண்ணோ நாவலைப் படித்ததே இல்லை. படித்தால் நடிப்பு கெட்டுவிடும் என்று டைரக்டர்தான் தடுத்திருந்தார்.

ஒலிப்பதிவாளர் கையசைத்துக் கூப்பிட்டார். எதற்கும் அசராத மனிதர். ஹெட்போனைக் கழற்றி நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் கேளுங்க."

வசனம். நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குள்...

ஹ்ம்... ஹ்ம்ம்...

யாரோ தொண்டையைத் திறக்கப் பார்க்கும் சத்தம். மூச்சு இழுபட்டது. உதடு பிரிவதுகூடக் கேட்டது. சொல் மட்டும் வரவில்லை.

"ஃபேன் சத்தமா இருக்குமோ?"

"ஃபேனுக்கு உதடு இருக்கா டீச்சர்?"

அவர் சிரிக்கவில்லை.

டீச்சர் நேராக டைரக்டரிடம் போனாள். "சின்னவளைத் திரும்பக் கொண்டுவரணும் சார்."

"பயந்துட்டீங்களா?"

"பயமும்தான். ஆனா அந்தம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டேன் சார். சாப்பாடு இறங்கல."

டைரக்டரும் அந்தப் பதிவைக் கேட்டார். மறுபேச்சு பேசவில்லை.

ஒரு துறுதுறுப்பான சிறுமியைத் தேடிப் பிடித்தார்கள். அதே அறை. அதே வெயில். கேமரா ஓடியது.

"அக்கா, சுவத்துக்குள்ள யாரோ நடக்கறாங்க" என்றாள் சிறுமி, பிசிறில்லாமல்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். கழற்றி டீச்சரிடம் கொடுத்தார்.

இன்னொரு முறை படம் பிடித்தபோது சிறுமி அதையே சொன்னாள். அவள் குரலை ஒட்டி, சற்றே பின்னால்... இன்னொரு குரல்.

அக்... கா...

குழறலாக. எழுத்து எழுத்தாக. அப்போதுதான் கற்றுக்கொள்வதுபோல.

சிறுமி வசனத்தை முடித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

குரல் நிற்கவில்லை.

அக்... கா... தண்... ணி...

அப்படி ஒரு வசனம் நாவலில் இல்லை. டீச்சர் எழுதியதிலும் இல்லை.

மறுநாள் நாவலாசிரியை வந்தார். டீச்சர்தான் வரச் சொல்லியிருந்தாள். மாடிப்படியில் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கையை நீக்கியதை, போனில் பொய் சொன்னதை, வசனத்தைப் பிடுங்கி அக்காவுக்குக் கொடுத்ததை. "மன்னிச்சிடுங்கம்மா" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "நான் கேக்கணும்" என்றார்.

இரண்டு பதிவுகளையும் கேட்டார். முதலில் அந்தத் தொண்டைச் சத்தம். அடுத்து அந்தக் குரல். கேட்டு முடித்து ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு நிஜமாவே ஒரு தங்கச்சி இருந்தா. பிறவியிலேயே பேச்சு வராது. தொண்டையிலேர்ந்து இப்படித்தான் ஒரு சத்தம் வரும். புத்தகத்துலதான் நான் அவளைப் பேச வச்சேன்."

டீச்சர் மெல்லக் கேட்டாள். "இப்ப அவங்க..."

"பத்து வயசுல போயிட்டா. ஆத்துல முழுகி. கரையிலதான் நாங்க எல்லாரும் உக்காந்திருந்தோம்." அவர் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குக் கூப்பிடத் தெரியல."