புஷ்பவள்ளி தேதி வைத்துப் பிரித்த கம்ப்யூட்டர்

மங்கலம்பேட்டை காத்தவராயன் பெற்ற மூன்று பெண்களில் நடுவள் புஷ்பவள்ளி. கடலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மஞ்சக்குப்பத்தில் கடை பிடித்து மனு டைப் அடித்துக் கொடுத்தாள். வீட்டில் உலை கொதித்ததே அந்த ஒரு கம்ப்யூட்டரால்தான்.

தானே புயலில் கடையின் ஓடு பறந்தது. மானிட்டரும் பிரிண்டரும் தார்ப்பாய்க்கு அடியில் தப்பின. சிபியு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. ஊரில் கரண்டு இல்லை. ரிப்பேர் பார்க்கும் லூர்துசாமி சிதம்பரத்தில் மாட்டிக்கொண்டார். நிவாரண மனு அடிக்க ஜனம் வாசலில் நிற்கிறது. நாலு நாளில் வாடகை ஜெனரேட்டர் வருகிறது. ஈரத்தோடு கரண்டு கொடுத்தால் போர்டு கருகும், இன்னொன்று வாங்க வக்கில்லை என்பது அவளுக்குத் தெரியும். லூர்துசாமி பிரித்ததை இரண்டு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

“நானே பிரிக்கப் போறேன்.”

கொழுந்தன் அருண்குமார் சிரித்தான். “இன்னா அண்ணி, மிக்ஸின்னு நெனச்சிட்டியா? கடைசில பழைய இரும்புக்காரன்தான் வரணும்.”

“வாய மூடிகினு ஸ்க்ரூவ வாங்கு.”

வயர்களை எல்லாம் பிடுங்கினாள். புது வருஷக் காலண்டரின் ஜனவரித் தாளைத் தரையில் விரித்தாள். முதலில் கழன்ற ஸ்க்ரூவுக்கு ஒன்றாம் தேதிக் கட்டம், அடுத்ததற்கு இரண்டாம் தேதி; உள்ளே கழன்ற பாகங்களுக்கும் அப்படியே வரிசையாக. ஒவ்வொன்றையும் தொடுமுன் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் கை வைத்தாள். உடம்பில் இருக்கும் கரண்டு போர்டைக் கெடுத்துவிடும் என்று லூர்துசாமி சொன்னது. பவர் பெட்டியை மட்டும் அவள் திறக்கவில்லை. வயரைப் பிடுங்கினாலும் அதற்குள் கரண்டு தங்குமாம். அப்படியே கழற்றி வெயிலில் வைத்தாள்.

“பொங்கலுக்கு ஃபேனு, மாட்டுப் பொங்கலுக்கு ராம். நல்ல நாளாதான் பாத்துருக்க, அண்ணி.”

மூன்று நாள் எல்லாம் காய்ந்தது. கடைசித் தேதியில் தொடங்கி ஒன்றாம் தேதி வரை பின்னோக்கி மாட்டினாள்.

ஜெனரேட்டர் வந்தது. சுவிட்சைப் போட்டால் கீ, கீ, கீ என்று கத்தல், திரை இருட்டு.

“போச்சு அண்ணி!”

“இரு.” அணைத்தாள், வயரைப் பிடுங்கினாள், மூடியைத் திறந்தாள். ராம் பட்டைக்கு ஒரு பக்கம்தான் கொக்கி விழுந்திருந்தது. மறு பக்கத்தை ‘டிக்’ என்று கேட்கும் வரை அழுத்தினாள்.

இந்தத் தடவை ஒரே ஒரு கீ. திரை வெளுத்தது.

வாசலில் முதல் ஆளாக நின்ற கொளஞ்சியம்மாள் உள்ளே வந்தாள். “கூர போச்சின்னு அடிம்மா. ரெண்டு ஆடும் போச்சின்னு சேத்துக்க.”

“செத்துப்போச்சா, ஓடிப்போச்சா?”

“தேடிகினுதான் இருக்கேன்.”

“அப்ப கூரைய மட்டும் அடிக்கிறேன்.”