மலிவான மென்பொருளும் அப்பாவின் பெயரும்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் கோபத்தால் ஒரு முறை ஓர் அலமாரியையே காப்பாற்றினேன் என்பதால் அதை நான் குறையாக நினைப்பதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. கார்டுப் பெட்டிகளை ஒழித்துவிட்டு எல்லா நூல்களையும் ஆய்வேடுகளையும் கணினியில் ஏற்றுவதென்று முடிவாகி, மூன்று கம்பெனிகள் மென்பொருளுக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தன. மூன்றையும் ஒப்பிட்டு ஒரே தாளில் தட்டச்சு செய்தவள் நான்தான். மூன்றாவது கம்பெனி கேட்டது மற்றவர்கள் கேட்டதில் பாதிகூட இல்லை. நூலகத் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

அவர் சீனர், நல்ல மனிதர். ஆனால் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர் இருந்ததால், எட்டு வருடமாக அப்பாவின் பெயரோடு 'மிஸ்' சேர்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார். இரண்டு தடவை திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

மலிவான கம்பெனி சோதனைக்காக ஆங்கில நூல்கள் கொஞ்சத்தையும் தமிழ் நூல்கள் முழுவதையும் ஆங்கில எழுத்தில் ஏற்றிக் காட்டியது. ஆங்கில நூல்கள் உடனே கிடைத்தன. தமிழில் எந்த எழுத்தாளரைத் தேடினாலும் 'இல்லை' என்றது. கோளாறு நூல்களில்தான் என்றார் விற்பனையாளர். தலைவரும் தலையாட்டிவிட்டார்.

நூல்களை அடுக்கும் தமிழ் ஊழியர், எங்களுக்கெல்லாம் 'அண்ணன்', என் மேசைக்கு வந்து சொன்னார்: "தங்கச்சி, நம்ம புக்கெல்லாம் ஸ்டோருக்குப் போவுதாம் லா. பெட்டியில கட்டச் சொல்லிட்டாங்க. ஸ்டோருக்குப் போனது எது திரும்பி வந்துச்சு, சொல்லுங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தமிழ் அலமாரியில் ஒவ்வொரு நூலுக்கும் கார்டு எழுதியவள் நான். மதியம் சாப்பிடப் போகாமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஏதோ தோன்றி, ஓர் எழுத்தாளரின் அப்பா பெயரை அடித்துப் பார்த்தேன். மகனுடைய நாவல்கள் வரிசையாக வந்து நின்றன! எங்கள் பெயர்களில் கடைசியில் இருப்பது அப்பா பெயர்; அதுவே குடும்பப் பெயர் என்று அந்தக் கணினி நம்பிவிட்டது. பிள்ளைகள் எழுதியதையெல்லாம் அப்பாக்களுக்குக் கொடுத்துவிட்டது.

கொட்டேஷனை மறுபடி எடுத்தேன். பின்பக்கத்தில் ஒரு வரி: ஏற்றியபின் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிக் கட்டணம். என் ஒப்பீட்டில் அதைச் சேர்க்காதது என் தப்புதான்.

மறுநாள் மலிவான கம்பெனியோடு கையெழுத்துப் போடும் கூட்டம். அழைக்காமலே உள்ளே போனேன். தலைவர் எழுதிய ஆய்வேட்டை ஏற்றிக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்டேன். ஏற்றினார். தலைவர் தன் குடும்பப் பெயரை அடித்தார். சீனர்களுக்கு அது முதலில் வரும். 'இல்லை' என்றது கணினி. நான் குனிந்து அவர் பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் அடித்தேன். ஆய்வேடு வந்தது.

"இப்படி என்னை யாருமே கூப்பிட்டதில்லை" என்றார் ஆங்கிலத்தில். முகம் சிவந்துவிட்டது.

திருத்திவிடலாம், சின்னக் கட்டணம்தான் என்றார் விற்பனையாளர். அதற்காகத்தான் காத்திருந்தேன். திருத்தக் கட்டணத்துக்கு ஒரு பத்தி சேர்த்த புதிய தாளை மேசையில் வைத்தேன். தமிழ், சீன, மலாய்ப் பெயர்களை எல்லாம் திருத்தினால் மூன்றிலும் அதிக விலை அந்த மலிவான கம்பெனிதான். எந்தப் பெயர் முன்னால் வரவேண்டும் என்பதை எங்களிடமே விட்டிருந்த இரண்டாவது கம்பெனிக்கு ஆர்டர் போனது. தமிழ் அலமாரி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

எல்லோரும் போனபின் தலைவர் தயங்கிக் கேட்டார்: "அப்படியென்றால் உங்கள் பெயர் எது?"

சொன்னேன். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொண்டு, அந்தத் தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் தன் கையாலேயே எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் தேக்கா சந்தையிலிருந்து எல்லோருக்கும் வடை வாங்கிவந்தார்.

அன்று மாலை ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருந்த எங்கள் வீட்டில், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ரிட்டயர் ஆனப்புறமும் எட்டு வருஷம் யுனிவர்சிட்டியில வேலை பாத்தேன். இன்னைக்குத்தான் லா நிப்பாட்டிட்டாங்க!"