படாக் மரத்து ரசம்

மகள் புதிதாக வாங்கிய படாக் மரக்கரண்டியைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். "சாயம் போகுதும்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்!" என்று கத்தினாள். எட்டிப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் நான் வளர்ந்த தீவு தெரிந்தது, அறுபதுகளின் டாலிகஞ்ச்.

எனக்கு அப்போது ஏழு வயது. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மிட்டுவிடம் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த மரச்சொப்பு, குட்டி அரிவாள்மணை உட்பட. மலையாளி லீலாவிடம் புட்டுக்குடமே இருந்தது. எல்லாம் பளபளவென்று வர்ணம் பூசியவை. என் சொப்போ, மர ஆலையில் கடைசல் வேலை பார்த்த அப்பா படாக் கழிவுக்கட்டையில் கடைந்து தந்தது. வர்ணமே கிடையாது.

பொம்மைக் கல்யாணத்துக்கு யார் சமைப்பது என்று போட்டி. என் பானையில் ஊற்றி வைத்த தண்ணீர் செம்பழுப்பாகிவிட்டது.

"அரே, இஸ்கா ரங் ஜா ரஹா ஹை!" சாயம் போகிறதென்று மிட்டு கைகொட்டிச் சிரித்தாள்.

அழுகை முட்டியது. ஆனாலும் விடவில்லை. நாலு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுச் சிரட்டைகளில் ஊற்றினேன். அவர்கள் சட்டிகளில் இருந்தது வெறும் தண்ணீர். என்னுடையது அச்சு அசல் ரசம்!

எனக்கும் கொஞ்சம் என்று முதலில் சிரட்டையை நீட்டியவள் மிட்டுதான். "முஜே பீ தோடா!"

அதன்பின் எங்கள் தெருப் பொம்மைக் கல்யாணங்களுக்கெல்லாம் நான்தான் சமையல்.

"கரண்டியைத் திருப்பிக் கொடுத்துடட்டுமா?" என்றாள் மகள்.

"திருப்புறதாவது! போய் நாலு கறிவேப்பிலை கிள்ளிட்டு வாடி."