வேங்கைக் குவளையும் தையல்காரர் பீமராவும்

ஸ்ரீரங்கத்தில் ஜாக்கெட் தைக்கும் பீமராவைக் கேலி செய்வதில் யாரும் அவரை முந்திவிட முடியாது. "ரெண்டு கையும் ஒரே நீளத்துல வரும்னு கேரண்டி கிடையாதுங்க. வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்று துணியை வாங்கும்போதே சொல்லிவிடுவார். கண்ணில் புரை விழுந்து வருஷம் ஒன்றாகிறது. ஹூக் தைக்கிற ஊசிகளில் மனைவி பிரேமலதாதான் காலையிலேயே நூல் கோத்து வைப்பாள்.

ஆனி மாதம் திருச்சியில் இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. "இதோட ஆபரேஷன் பண்ண முடியாது. மாத்திரையை ஒழுங்காப் போட்டுட்டு ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க. விட்டுட்டீங்கன்னா பார்வை போயிடும்" என்றார் டாக்டரம்மா. கத்தி என்றாலே வெலவெலத்துப் போகிற மனுஷனுக்கு இதில் உள்ளூர ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடு காந்தி மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் நுழைந்தார். கடைக்காரர் மன்சூர், வேங்கை மரத்தில் கடைந்த குவளை ஒன்றை எடுத்து வைத்தார்.

"வெயில் காலத்துல இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும்ணே. ஆனா பட்டையைக் கீறினா ரத்தம் மாதிரி பிசின் வடியும். அதை வயித்துப்போக்குக்கும் பல்வலிக்கும் குடுப்பாங்க. கட்டையில ஊறின தண்ணி சர்க்கரைக்கு. ராத்திரி ஊத்தி வெச்சு, காலையில வெறும் வயித்துல குடிங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

கடைசி வாக்கியம் மட்டும் பீமராவுக்குள் போகவே இல்லை. காதிலும் புரை விழுந்திருந்தது என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. சாய்த்துப் பார்த்தால் நீலமாக ஒரு மினுக்கு. ஒரு வாரத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்தது. பீமராவுக்குப் பொறி தட்டிவிட்டது.

"மரத்துக்குத் தெரியுது பிரேமா. ஒடம்புல நோய் குறையக் குறைய அதுவும் மருந்தைக் குறைச்சுக் குடுக்குது!"

"நீங்க குடிக்கிறதுக்கு முன்னாடியே அதுக்கு எப்படிங்க தெரியும்?"

"உனக்கு வைத்தியம் புரியாது."

அதோடு விட்டாரா? தண்ணீரின் நிறத்துக்குத் தோதான நூலைத் தேடி எடுத்து, தினமும் காலண்டரில் அந்தத் தேதியில் குத்தி வைத்தார். காப்பி, தேன், வைக்கோல் என்று நூல்கள் வரிசையாக வெளுத்துக்கொண்டே வந்தன. கண்ணில் புரையை வைத்துக்கொண்டு நிறம் பார்த்த மகானுபாவர்! மாத்திரைகள் எல்லாம் பிரேமலதாவுக்குத் தெரியாமல் பட்டன் டப்பாவுக்குள் போயின. நாற்பதாம் நாள் வெள்ளை நூல் ஏறியது. அரை கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து, பாதியைச் சந்துக்கெல்லாம் கொடுத்தார், பாதியைத் தானே தின்றார்.

மறு வாரம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. மிஷின் கோளாறு என்று அடித்துச் சொல்லி, காலண்டரைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். டாக்டரம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

"கட்டையில இருந்த சாறு தீர்ந்துபோச்சு. உங்க சர்க்கரை தீரலை. உள்ளே நரம்புல ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டினீங்கன்னா, புரையை எடுத்தும் புண்ணியமில்லை."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து பிரேமலதா வாயே திறக்கவில்லை. பீமராவ்தான் ஆரம்பித்தார்.

"மரக்கட்டைகிட்ட ரிப்போர்ட் வாங்கின முதல் ஆள் நான்தான். பேப்பர்ல போட்டோ போடுவாங்க, பாரு."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"என்ன பிரேமா, ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"ரெண்டு கரையையும் முட்டிக்கிட்டு ஓடுதுங்க. தெரியலையா?"

ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலை பிரேமா. எனக்குப் பயமா இருக்கு. சர்க்கரை குறைஞ்சா ஆபரேஷன் பண்ணிடுவாங்கன்னு பயந்துக்கிட்டுதான் இத்தனையும் பண்ணேன். மாத்திரையைக்கூடப் போடலை."

பிரேமலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பயந்துக்கிட்டே வாங்க. கையை நான் பிடிச்சுக்கறேன்."