அறுபத்தைந்தா, ஐம்பத்தைந்தா

வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் ஏசி மெக்கானிக் வேலை பார்த்துவிட்டு, திருமலைராயன்பட்டினத்துக்கே திரும்பிவிட்டவன் நான். எதை வாங்கினாலும் பத்து இடத்தில் விசாரிப்பேன். வீட்டுக்குப் பெரிய டிவி வாங்குவது என்று முடிவானதும் ஒரு மாதம் போனில் ஆராய்ச்சி செய்தேன்.

"இந்நேரம் ஒரு கல்யாணமே முடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஒரே மகளின் நிக்காஹுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்தது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் போனை லாக்கரில் வைத்துவிட்டு ஓடினேன். வேலை முடிந்து பார்த்தால் மனைவியின் எண்ணிலிருந்து ஏழெட்டு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன். "புள்ளய அனுப்பியாச்சுங்க" என்றாள்.

அப்புறம் கல்யாண வீடியோ வந்தது. அறையில் கட்டிலில் படுத்தபடி போனிலேயே பார்த்தேன். கிளம்பும் நேரத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள். மகள் குனிந்த தலை நிமிரவில்லை. வராத வாப்பா மேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து வருடமாக அவளிடம் அதைக் கேட்கவில்லை. கேட்கப் பயம், அவ்வளவுதான்.

காரைக்கால் கடையில் இரண்டு டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஒன்று அறுபத்தைந்து அங்குலம், மற்றது ஐம்பத்தைந்து. விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் பச்சைக்கிளியும் மாம்பழமும் கண்ணைப் பறித்தன.

"பெரிசுல கறுப்பு அப்பிக்கும் சார். சின்னதுல இருட்டுல இருக்கறதும் நல்லாத் தெரியும்" என்றார் விற்பனைப் பிரிவில் நின்ற பெண்மணி.

"இருட்டுல பாக்க என்னம்மா இருக்கு? அதே விலைக்குப் பத்து அங்குலம் கூட வருதே!"

"இவங்க புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று மனைவி கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். "கிளியையும் மாம்பழத்தையுமா தெனம் பாக்கப்போறோம்? நம்ம புள்ள கல்யாணத்தப் போடுங்கம்மா."

எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அதற்குள் இரண்டு டிவியிலும் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. நேரே கிளம்பும் இடத்துக்குத் தள்ளச் சொன்னாள் மனைவி.

பெரிய டிவியில் மகளின் முகம் வாசற்கதவு அளவுக்கு இருந்தது. அரக்குப் பட்டுக்குக் கீழே, மடியில், வெறும் கறுப்பு. நான் போனில் பார்த்ததும் இதே கறுப்புதான். சின்ன டிவியைப் பார்த்தேன். அந்தக் கறுப்புக்குள் விரல்கள் இருந்தன. விரல்களுக்குள் ஒரு போன் இருந்தது. கட்டைவிரலால் அழுத்துகிறாள், காதில் வைக்கிறாள், இறக்குகிறாள், மறுபடி அழுத்துகிறாள். காதில் வைத்ததை நான் கன்னத்தைத் துடைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

"அது யாரு போன்?"

"என்னோடதுதான். கால் கட்டானதும் புடுங்கிக்கிட்டா. வாப்பாகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வண்டியில ஏறுவேன்னு ஒரே அடம். ஏன், நாந்தான் கூப்புட்டேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஏழெட்டு முறை என் பிள்ளை கூப்பிட்டிருக்கிறாள். அவளைப் போய் ஐந்து வருடம் கோபக்காரி என்று மனசுக்குள் வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

"எதுக்கு சார் பில் போடட்டும்?" என்றார் அந்தப் பெண்மணி. சின்னதைக் கைகாட்டிவிட்டு வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தேன்.

"என்ன வாப்பா, டிவி வாங்கியாச்சா?"

"நிக்காஹ் அன்னிக்கி நீ கூப்புட்டப்ப நான் எடுக்கலம்மா. நீதான்னு எனக்குத் தெரியாது."

"சரி வாப்பா," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதான் இப்ப கூப்புட்டுட்டீங்கல்ல. நான் போயிட்டு வரேன்."